அரை அங்குலம்

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து மேலேறும் படிக்கட்டில்
பதினேழாம் படிக்கு நேரே என் கடை.
இறந்தவர் படமென்றால் கறுப்புச் சட்டம்,
கல்யாணப் படமென்றால் தங்கப் பூச்சு.
யோசிக்க வேண்டியதில்லை.

செவ்வாயன்று சேலைப் பெட்டி அட்டைக்குள்
ஒரு படத்தோடு வந்தாள்.
"எந்தச் சட்டம் பொருந்துமோ போடுங்க.
சனிக்கிழமை வர்றேன்."
பெயர் பிரிசில்லா. முன்பணம் நூறு.

விரித்தேன்.
ஒரு மலை. அடியில் நிலமில்லை.
பிடுங்கிய கேரட் போல
வேரும் மண்ணும் தொங்க
அந்தரத்தில் நிற்கிறது.
உச்சியிலிருந்து ஓர் ஆறு
மேல்நோக்கி ஒழுகுகிறது.
வானம் ஊதா, ஓரத்தில் பழுத்த மஞ்சள்.
நடுவானில் நீளமாய் ஒரு பிளவு.
நிலாவென்று சொல்ல முடியாத ஒடுக்கம்.
அங்கே மட்டும் வண்ணமே தொடாமல்
தாளை விட்டுவைத்திருக்கிறாள்.
ஆறு அதற்குள் போகிறது.

சட்டம் அறுக்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டும்,
இது அந்தியா, விடியலா.
அந்தியென்றால் தேக்கு நிறம். விடியலென்றால் வெள்ளை.
டியூப்லைட்டில் அந்தி.
ஷட்டரை முழுக்கத் தூக்கினால் விடியல்.
மதியம் பனிமூட்டம் கடைக்குள் வந்து
இரண்டையும் துடைத்தது.

டீ வைக்க வந்த நாகூர்கனி எட்டிப் பார்த்து
"அட, மழ விட்டிருச்சு" என்றான்.
படத்தில் மழையே இல்லை.
அவன் போன பிறகு பார்க்கிறேன்,
ஆமாம், விட்டிருந்தது.

பக்கத்துக் கடையில் பூண்டு விற்கும் மாதியம்மாள்
கண்ணைச் சுருக்கி வெகுநேரம் நின்றாள்.
"வேரு இப்படித் தொங்குதே,
யாரு தண்ணி ஊத்துவா?"
அதுவரை விடுதலையென்று நினைத்திருந்தேன்
அந்த மலையை.
இருக்கிற தண்ணீர் எல்லாம் மேலே போகிறது.
கீழே வேர், வாய் திறந்து.
அன்றிரவு வீட்டில் இரண்டு முறை எழுந்து
தண்ணீர் குடித்தேன்.

வியாழனன்று படத்தைத் திருப்பிப் போட்டேன்.
பின்பக்கம் கட்டம் போட்ட அச்சுத்தாள்.
ஷிப்ட். ஊசி எண். காது சோதனை. நிராகரிப்பு.
கேத்தி ஊசித் தொழிற்சாலை.
நாளெல்லாம் ஊசிக் காதுகளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள்.

அதன்பின் பிளவு பிளவாயில்லை.
ஆறு மெலிந்து நூலாயிற்று.
விடை தெரிந்த விடுகதை மாதிரி
மலை சப்பென்று சிறுத்துவிட்டது.
தெரிந்துகொண்டதற்காக
என்மேலேயே எனக்கு எரிச்சல்.

மவுன்ட் அட்டை நாலு பக்கமும்
அரை அங்குலம் தின்னும். அது வழக்கம்.
வெள்ளி காலை வைத்துப் பார்க்கையில்தான்
இடது கீழ் மூலையில்,
அட்டை விழுங்கவிருந்த அதே அரை அங்குலத்தில்,
ஒரு கால்.
கணுக்கால்வரைதான். செருப்பில்லை.
உள்ளே வருகிறதா, வெளியேறுகிறதா,
உடம்பு தாளுக்கு வெளியே இருக்கிறது.
கடுகளவு பெருவிரல்.
அதற்கு நகமும் வரைந்திருக்கிறாள்.

எந்த நூலிலும் கோக்க முடியவில்லை
அந்தக் காலை.
பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு
நேரம் போனது தெரியாமல் இருந்தேன்.
மலை மெல்ல
பழைய அளவுக்கு வந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக
மவுன்ட் அட்டையைக் கோணலாக வெட்டினேன்.
சில்வர் ஓக்கில் சட்டம். பாலிஷ் போடவில்லை.
அந்தியோ விடியலோ
மரமே பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை வந்தாள்.
கை நீட்டித் தூக்கி,
ஒரு கண்ணை மூடி, பார்த்தாள்.
"இந்தப் பக்கம் இடம் கூட விட்டிருக்கீங்க."
"ஆமா."
மீதி முந்நூற்று இருபதை எண்ணி வைத்தாள்.
யார் காலென்று கேட்க வாயெடுத்து
"பேப்பர் சுத்தட்டுமா?" என்றேன்.
"வேண்டாம்."

மேலிருந்து பார்த்தேன்.
கேத்தி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
படத்தை வெளிப்பக்கமாய் மடியில் நிறுத்தியிருந்தாள்.
கண்டக்டர் அதன் முன்
தலையைச் சாய்த்து நின்றார்.
அவள் நீட்டிய ரூபாய்
நீட்டியபடியே இருந்தது.